தட்டினால் எடுக்காத தாளப்பெட்டி: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

விளக்கு எரியாவிட்டால் விளக்கில்தான் பிழை என்று எவருக்கும் விளங்கும். தாள விளையாட்டுப் பெட்டியில் அப்படியில்லை. அடி 60 மில்லிசெக்கன் பிந்திப் பதிவானால், தட்டிய பிள்ளை தன் கையில்தான் பிழை என்று எண்ணிவிடும். சரியாகத் தட்டிய பிள்ளைக்குச் சிவப்புக் காட்டுகிற பெட்டியைப் பாடசாலைக் கண்காட்சி மேசையில் வைக்கவே கூடாது. கீழே உள்ளதெல்லாம் அந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

எந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 30 கால் (பின்) கொண்ட ஈஎஸ்பி32 நுண்கட்டுப்படுத்திப் போட் ஒன்று. டபிள்யூஎஸ்2812பி எல்ஈடி 256 கொண்ட 8×32 பேனல் ஒன்று, நெட்டுக்கு நிறுத்தியது. த, க, தி, மி என்று பெயரிட்ட நான்கு தொடுதகடுகள். பாட்டுக்கு, மெமரி அட்டையிலிருந்து கோப்பை வாசிக்கும் டிஎஃப்பிளேயர் மினியும் 3 வோட் ஸ்பீக்கரும். மின்சாரத்துக்கு 5 வோல்ற் 4 அம்பியர் அடப்ரர். தகடுகள் 13, 27, 32, 33 ஆம் கால்களில். பேனலின் தரவுக் கம்பி 18 இல். பிளேயர் 16, 17 இல். பாட்டு ஓடுகிறதா என்று காட்டும் அதன் ‘பிசி’ கால் 25 இல். ஒவ்வொரு தகட்டுக்கும் இரண்டு எல்ஈடி அகலத்தில் ஒரு பாதை. புள்ளி மேலிருந்து விழுந்து கீழ்க்கோட்டைத் தொடும் கணத்தில் தட்டவேண்டும்.

எண்ணைப் பார்க்க முன்னம் கம்பியில் கை வைக்காதீர்கள்

தகடுகளின் வாசிப்பை மட்டும், எண்களைக் கணினித் திரையில் கோடாக வரையும் சீரியல் பிளொட்டருக்கு அனுப்பும் ஒரு சின்ன நிரலைத் தனியாக எழுதி வைத்திருங்கள். விளையாட்டும் பாட்டும் பேனலும் அதில் வேண்டாம். ஈஎஸ்பி32 இல் விரல் பட்டால் எண் குறையும். சும்மா இருக்கும்போது 60 போலவும் தொட்டால் 20 போலவும் வந்தால் தகடு நன்றாக இருக்கிறது. ஈஎஸ்பி32 இன் எஸ்2, எஸ்3 வகைகளில் இது தலைகீழ்: எண்கள் பெரியவை, தொட்டால் கூடும். பழைய நிரலை எஸ்3 போட்டில் அப்படியே ஏற்றினால் நான்கு தகடும் எப்போதும் தொட்டபடி இருப்பதாகவோ ஒருபோதும் தொடாததாகவோ காட்டும். சி3 இல் தொடு வசதியே கிடையாது. அதை வாங்கிவிட்டால் எம்பிஆர்121 போன்ற தனித் தொடு சிப் தேவை. அந்தச் சிப்புக்கு 3.3 வோல்ற்தான் கொடுக்கவேண்டும், 5 வோல்ற் கொடுத்தால் போய்விடும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டிடிபி223 தொடுதுண்டு விளக்குப் போட நல்லது, தாளத்துக்கு உதவாது. அது வேகமான நிலையிலேயே பதில் தர 60 மில்லிசெக்கன் வரை எடுக்கும்; மின்சிக்கன நிலையில் 220 வரை போகும்.

ஒரு தாளில் நான்கு நிரை கீறுங்கள்: லப்டொப் சார்ஜரில், லப்டொப் பற்றரியில், அடப்ரரில், பவர்பாங்கில். ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு தகட்டின் ஓய்வு எண், தொடு எண், சும்மா இருக்கும்போது எண் மேலும் கீழும் ஆடும் அளவு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பத்து நிமிட வேலை. கீழே வரும் பிழைகளில் பாதிக்கு விடை அந்தத் தாளிலேயே கிடந்துவிடும்.

“தொடாமலே அடிக்குது”

முதலில் லப்டொப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஆட்டம் உடனே நின்றால் நிரலிலும் பிழையில்லை, தகட்டிலும் பிழையில்லை. ஏர்த் கம்பி இல்லாத இரண்டு கால் சார்ஜர்களில் மின்காந்த இரைச்சலை அடக்க உள்ளே ஒரு சிறு கொள்ளளவி (கப்பாசிற்றர்) வைத்திருப்பார்கள். அதன் வழியாக 230 வோல்ற் பக்கத்திலிருந்து மிகச் சிறிய ஓட்டம் கிரவுண்டுக்கு, அதாவது சுற்றின் 0 வோல்ற் பக்கத்துக்கு, கசியும். உலோக உடல் கொண்ட லப்டொப்பைத் தடவும்போது விரலில் ஒரு நடுக்கம் தெரியுமே, அதுவேதான். உங்கள் தகட்டின் எண்ணும் அதனோடு சேர்ந்து ஆடும்.

இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஒரு சுற்று 20 மில்லிசெக்கன். அந்த 20 மில்லிசெக்கனுக்குள் சம இடைவெளியில் எடுத்த வாசிப்புகளின் சராசரியை எடுத்தால் மேலே போன பகுதியும் கீழே போன பகுதியும் ஒன்றையொன்று தின்றுவிடும். 10 அல்லது 15 மில்லிசெக்கனுக்குச் சராசரி எடுத்தால் அரைகுறையாகத்தான் போகும். இதனால் அடி ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் பிந்தும். பயப்படத் தேவையில்லை: மாறாத பிந்தலை ஒரு எண்ணைக் கழித்துச் சரிசெய்துவிடலாம்.

சார்ஜரைப் பிடுங்கியும் ஆட்டம் நிற்காவிட்டால் கம்பியைப் பாருங்கள். தகட்டிலிருந்து போட் வரை 20 சென்ரிமீற்றருக்கு மேல் போகவேண்டாம். பேனலின் தரவுக் கம்பியோடு தொடுகம்பிகளைச் சேர்த்துக் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும். ஒவ்வொரு தொடுகாலின் அருகிலும் 1 கிலோஓம் தடையி ஒன்றைத் தொடராக வையுங்கள். நிலைமின் அடியிலிருந்து சிப்பை அது ஓரளவு காக்கும்.

வேறொரு காரணமும் உண்டு, அது காலநிலை. ஐப்பசியில் வாடை தொடங்கி மழை பிடித்தால் பலகையும் கடதாசி மட்டையும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆவணியில் 62 ஆக இருந்த ஓய்வு எண் கார்த்திகையில் 50 க்கு இறங்கலாம். நிரலில் ‘45 க்குக் கீழே போனால் தொட்டது’ என்று எழுதி வைத்திருந்தால், மழை நாளில் வியர்வைக் கை தகட்டைக் கடந்து போனாலே அடி விழும். நிலையான எண்ணை எல்லையாக வைக்காதீர்கள். பெட்டி தொடங்கும்போது 64 வாசிப்பு எடுத்துச் சராசரியை ஓய்வு எண்ணாக வைத்து, அதிலிருந்து 30 வீதம் குறைந்தால் தொட்டது என்றும், 15 வீதத்துக்குள் திரும்பினால் விட்டது என்றும் கொள்ளுங்கள். தொடாத நேரங்களில் மட்டும் ஓய்வு எண்ணை மெல்ல நகர்த்துங்கள்: ஒவ்வொரு வாசிப்பிலும் வித்தியாசத்தின் 256 இல் ஒரு பங்கு போதும். தொட்டிருக்கும்போதும் நகர்த்தினால், நீளமாக அழுத்திப் பிடிக்கும் தாளச்சொல்லில் பெட்டி விரலையே ஓய்வு நிலை என்று பழகிவிடும். பிறகு விரலை எடுத்ததும் எல்லாம் குழம்பும்.

சோல்டர் பண்ணிய இடத்தில் பசை மிஞ்சிக் கிடந்தாலும் ஈரநாளில் கசிவு வரும். தகர வேலைக்கு விற்கும் அமிலப் பசையை இதற்குப் பாவிக்கவே வேண்டாம். மருந்துக்கடைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் பழைய பல்தூரிகையும் துப்புரவுக்குப் போதும்.

“தட்டினாலும் எடுக்குதில்லை”

பவர்பாங்கில் மட்டும் எடுக்கவில்லையா, எல்லா நிலையிலுமா? தாளைப் பாருங்கள்.

பவர்பாங்கில் மட்டும் என்றால் காரணம் தரை. விரல் தகட்டைத் தொடும்போது ஏற்படும் கொள்ளளவம் உடம்பு வழியாகத் தரைக்குப் போய், தரையிலிருந்து பெட்டியின் கிரவுண்டுக்குத் திரும்பி வரவேண்டும். பவர்பாங்கில் ஓடும் பெட்டி தரையோடு ஒட்டாமல் மிதக்கிறது. திரும்பும் பாதை மெலிந்துவிடும். றப்பர்ச் செருப்போடு மரக் கதிரையில் இருக்கும் பிள்ளையின் தொடு எண் 45. அதே பிள்ளை வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்றால் 30. இந்த வித்தியாசத்தை நீங்களே பிளொட்டரில் பார்க்கலாம்; வெறுங்காலைத் தரையில் வைப்பதும் எடுப்பதும் கோட்டில் படியாகத் தெரியும். மருந்து எளியது. பெட்டியின் முன்விளிம்பில், மணிக்கட்டு தானாகவே படியும் இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்குச் செப்பு நாடா ஒட்டி அதைக் கிரவுண்டோடு இணையுங்கள். விளையாடுபவரின் உடம்பே திரும்பும் பாதையாகிவிடும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள்: வெற்று உலோகம் தோலில் படுவதால், பெட்டிக்குள் 230 வோல்ற் எந்த வடிவிலும் வரக்கூடாது. மூடிய, நல்ல தரமான 5 வோல்ற் அடப்ரர் வெளியே இருக்கட்டும்.

எல்லா நிலையிலும் எடுக்கவில்லை என்றால் தகட்டைக் கழற்றிப் பல்மானியை (மல்ரிமீற்றர்) வையுங்கள். பால்மாப் பைக்கற்றின் உட்பக்கப் பளபளப்பைத் தகடாக வெட்டி ஒட்டுவது நல்ல யோசனை போலத் தோன்றும். ஆனால் அந்த உலோகப் படலத்தின் மேல் மெல்லிய பிளாஸ்ரிக் இருக்கிறது; கவ்வியின் பல் உலோகத்தைத் தொடவே தொடாது. பல்மானியின் இரு முனையையும் பளபளப்பில் வைத்துப் பாருங்கள், சத்தம் வராது. சமையல் அலுமினிய ஃபொயில் கடத்தும், ஆனால் சாதாரண ஈயம் அதில் ஒட்டாது. ஆணியும் வொஷரும் போட்டு இறுக்குங்கள், அல்லது செப்புப் பூச்சுள்ள சர்க்கிட் பலகைத் துண்டை வாங்குங்கள். அதுதான் நின்று பிடிக்கும். 4 சென்ரிமீற்றர்ச் சதுரம் போதும்.

மேலே மூடும் பொருளும் முக்கியம். 1 மில்லிமீற்றர்ப் பிளாஸ்ரிக் நல்லது, 3 மில்லிமீற்றர்ப் பிளைவுட் வேண்டாம். தடிப்பைவிடக் கெட்டது இடையில் நிற்கும் காற்று. மூடி நடுவில் அரை மில்லிமீற்றர் தூக்கி நின்றாலே உணர்திறன் விழுந்துவிடும். இரட்டைப்பக்க நாடாவை ஓரத்துக்கு மட்டும் போடாமல் முழுப் பரப்புக்கும் ஒட்டுங்கள்.

“ஒருக்காத் தட்டினா ரெண்டு தரம் எடுக்குது”

விரல் மேற்பரப்பில் படும்போதும் எடுக்கும்போதும் எண் வழுவழுப்பாக மாறுவதில்லை. எல்லையின் மேல் ஆடும். மேலே சொன்ன 30 வீதம், 15 வீதம் என்ற இரட்டை எல்லை பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். மிச்சத்துக்கு, விரல் எடுத்த பிறகு 40 மில்லிசெக்கனுக்கு அந்தத் தகட்டைப் பூட்டுங்கள். பலர் செய்யும் பிழை, தொடும் பக்கத்தில் காத்திருப்பது: ‘30 மில்லிசெக்கன் தொடர்ந்து தொட்டிருந்தால்தான் அடி’ என்று எழுதினால் ஒவ்வொரு அடியும் 30 மில்லிசெக்கன் பிந்தும். எல்லையைக் கடந்த முதற் கணத்தின் நேரத்தையே அடியின் நேரமாகக் குறித்துவிட்டு, உறுதிப்படுத்துவதைப் பிறகு செய்யுங்கள்.

‘த’வைத் தட்டினால் ‘க’வும் சேர்ந்து அடித்தால் தகடுகளுக்கு இடையே குறைந்தது 1 சென்ரிமீற்றர் விடுங்கள், கம்பிகளைப் பிரியுங்கள். அதற்குப் பிறகும் வந்தால், எல்லையை 30 இலிருந்து 40 வீதமாக்குங்கள். ‘எண் ஆகக் கூடுதலாக இறங்கிய தகட்டை மட்டும் எடு’ என்று எழுதினால் இரண்டு தகட்டை ஒன்றாகத் தட்டும் இடங்கள் செத்துப்போகும்.

பேனல் காட்டும் கோலங்கள்

ஒன்றுமே எரியவில்லை: 8×32 பேனலின் இரு முனையிலும் ஒரேமாதிரி மூன்று கம்பிச் செருகி இருக்கும், ஒன்று தரவு உள்ளே, மற்றது வெளியே. பின்புறம் அச்சிட்ட அம்புக்குறியைப் பாருங்கள். கிரவுண்டுக் கம்பி போட்டுக்கும் பேனலுக்கும் பொதுவாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

சிவப்புக் கேட்டால் பச்சை வருகிறது: நிற ஒழுங்கு. இந்த எல்ஈடிகள் பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசையில் எதிர்பார்க்கும். நிரலில் ஒரு சொல் மாற்றம்.

‘த’ பாதையில் விழும் புள்ளி ஒரு வரி விட்டு ஒரு வரி ‘மி’ பாதைக்குத் துள்ளுகிறது: பேனலின் உள்ளே கம்பி பாம்புபோல் போகிறது. முதல் வரி இடமிருந்து வலம் என்றால் அடுத்த வரி வலமிருந்து இடம். வரி எண் இரட்டை என்றால் எல்ஈடி எண் = வரி × 8 + நெடுவரிசை; ஒற்றை என்றால் வரி × 8 + 7 − நெடுவரிசை. இரண்டையும் பூச்சியத்திலிருந்து எண்ணுங்கள்.

நடுவே தாறுமாறாக வண்ணப்பொறி பறக்கிறது, கம்பியைத் தொட்டால் குறைகிறது: இது பலரையும் நாள்கணக்கில் அலைக்கழிக்கும் பிழை. 5 வோல்ற்றில் ஓடும் டபிள்யூஎஸ்2812பி, தரவு ‘உயர்’ என்று நம்ப 5 இன் 70 வீதம், அதாவது 3.5 வோல்ற் கேட்கிறது. ஈஎஸ்பி32 தருவது 3.3. வேலை செய்யும் நாட்களெல்லாம் அதிர்ஷ்டத்தில் ஓடுகிற நாட்கள். 74ஏஎச்சிடி125 என்ற சிப்பை 5 வோல்ற்றில் இடையே வையுங்கள். அது 2 வோல்ற்றையே உயர் என்று எடுத்து 5 வோல்ற்றாக்கிக் கொடுக்கும். பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து வாங்குங்கள். ‘டி’ இல்லாத 74எச்சி125 அதே 3.5 வோல்ற்றைக் கேட்பதால் பயனில்லை. நான்கு வழிச் சிறு சிவப்புப் பலகையாக விற்கும் மட்டம் மாற்றிகள் இழு தடையியை நம்பி ஓடுபவை. 800 கிலோஹேர்ட்ஸ் தரவுக்கு அவற்றின் ஏற்றம் மந்தம். சிப் கிடைக்காவிட்டால், ஒற்றை எல்ஈடி ஒன்றை வெட்டி, 1என்4007 இருவாயி வழியாக 4.3 வோல்ற் கொடுத்துப் பேனலுக்கு முன்னால் வையுங்கள். அதற்கு 3 வோல்ற் போதும், அது பேனலுக்கு 4.3 ஐத் திருப்பிக் கொடுக்கும். பேனலின் தரவு வாயிலில் 330 ஓம் தடையி, மின் வாயிலில் 1000 மைக்ரோபரட் கொள்ளளவி இரண்டையும் விடவேண்டாம்.

மங்கலான ஒளியில் மட்டும் நடுக்கம்: எல்ஈடிகளை ஓட்டும் ஃபாஸ்ட்எல்ஈடி நிரல் நூலகம் குறைந்த ஒளியில் நிறத்தை மென்மையாக்க ஒவ்வொரு சட்டகத்திலும் (ஃபிரேம்) சிறிது மாற்றும். ‘செட்டிதர்’ கட்டளையில் 0 கொடுத்து நிறுத்துங்கள்.

“வெளிச்சம் கூடேக்க போட் நிண்டு திரும்பத் தொடங்குது”

256 எல்ஈடி முழு வெள்ளையில் ஒவ்வொன்றும் 60 மில்லியம்பியர் என்றால் 15.4 அம்பியர். உங்கள் அடப்ரர் 4. விளையாட்டுக்கு அவ்வளவு தேவையே இல்லை. ஒரே நேரத்தில் 60 எல்ஈடி, ஒற்றை நிறத்தில், 255 இல் 40 ஒளியில் எரிந்தால் 0.2 அம்பியரளவுதான். ஒன்றும் எரியாதபோதும் எல்ஈடிகளின் உள்சிப்புகள் மொத்தமாக ஏறத்தாழக் கால் அம்பியர் குடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிழை வருவது வென்றவுடன் முழுப் பேனலையும் வெள்ளையாக மின்னவைக்கும் இடத்தில். நூலகத்திலேயே 5 வோல்ற், 2000 மில்லியம்பியர் என்று மேல்வரம்பு வைக்கக் கட்டளை உண்டு, வையுங்கள்.

பேனலுக்கான மின்சாரத்தைப் போட்டின் 5 வோல்ற் காலிலிருந்து எடுக்காதீர்கள். அடப்ரரிலிருந்து தடித்த கம்பி நேரே பேனலுக்கு, அங்கிருந்து ஒரு கிளை போட்டுக்கு. சோதனைக்குப் பாவிக்கும் மெல்லிய ஜம்பர் கம்பிகள் தரவுக்குச் சரி, மின்சாரத்துக்குச் சரியில்லை. பல்மானியைப் பேனலின் தூர முனையில் வைத்து, எல்லாம் எரியும்போது 4.7 வோல்ற்றுக்குக் கீழே போகிறதா பாருங்கள். போனால் தூர முனை மஞ்சளாகவும் பிறகு சிவப்பாகவும் மாறும். நீலத்துக்கும் பச்சைக்கும் கூட வோல்ற் வேண்டும் என்பதால் அவை முதலில் சோரும். இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுத்தால் தீரும்.

சீரியலில் ‘பிரவுன்அவுட்’ என்று எழுதி நின்றால் சந்தேகமே வேண்டாம், மின்சாரம்தான். போட்டில் உள்ள ஏஎம்எஸ்1117 சீராக்கிக்கு உள்ளே வருவது வெளியே போவதைவிட ஏறத்தாழ 1.1 வோல்ற் கூட இருக்கவேண்டும். 5 வோல்ற் 4.4 க்கு இறங்கினால் 3.3 ஆட்டம் காணும்.

போட் தொடங்கவே மறுத்தால் 12 ஆம் காலைப் பாருங்கள். தொடங்கும் கணத்தில் அது உயர்வாக இருந்தால் சிப் தன் நினைவகத்துக்கு 1.8 வோல்ற் என்று முடிவெடுத்துப் படுத்துவிடும். டிஎஃப்பிளேயரின் பிசி கால் பாட்டு ஓடாதபோது உயர்வாகவே இருக்கும். அதைக் கொண்டுபோய் 12 இல் செருகினால் இதுதான் நடக்கும். 0, 2, 15 ஆகியவையும் தொடக்கத்தில் வேலையுள்ள கால்கள்; தகட்டுக்கு வேண்டாம். ரோவர் வகை போட் என்றால் 16, 17 ஐ உள்நினைவகம் எடுத்திருக்கும். பிளேயரை வேறு காலுக்கு மாற்றுங்கள்.

“முதல் நிமிசம் சரி, போகப்போகத் தாளம் பிசகுது”

மின்னணுவில் பிழையில்லை, கணக்கில்தான் பிழை. நிமிடத்துக்கு 90 அடி, ஒவ்வொரு அடிக்கும் த‑க‑தி‑மி என்று நான்கு சொல். ஒரு சொல்லின் நேரம் 166.667 மில்லிசெக்கன். நிரலில் அது முழுவெண்ணாக 166 என்று வெட்டுப்பட்டால் ஒவ்வொரு சொல்லிலும் 0.667 தொலைகிறது. மூன்று நிமிடப் பாட்டில் 1080 சொல். 1080 × 0.667 = 720 மில்லிசெக்கன். பாட்டு முடியும்போது புள்ளிகள் ஓர் அடிக்கு மேலாக முந்திப் போயிருக்கும்.

முந்திய சொல்லின் நேரத்தோடு கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு சொல்லின் நேரத்தையும் பாட்டின் தொடக்கத்திலிருந்து கணக்கிடுங்கள்: சொல்லின் வரிசை எண்ணை 60,000,000 ஆல் பெருக்கி, அடிவேகத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் மைக்ரோசெக்கனில் வரும். பெருக்கம் 32 பிட்டில் அடங்காது; 64 பிட் மாறி தேவை. இதை மறந்தால் 72 ஆவது சொல்லுக்குள் எண் உருண்டு, புள்ளிகள் அனைத்தும் ஒன்றாகக் கொட்டும். நிரலை நிறுத்திக் காக்கவைக்கும் ‘டிலே’ கட்டளை எங்கு இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

கணக்குச் சரியாகியும் பிசகுகிறதா? அப்படியானால் பாட்டைக் கேளுங்கள். கோயில் திருவிழாவில் பதிவுசெய்த பறையோ தவிலோ என்றால் வேகம் ஒருபோதும் மாறாமல் நிற்காது. கை சூடேற வேகமும் ஏறும். அது பிழையல்ல, அதுதான் அந்த அடியின் உயிர். நிலையான அடிவேகக் கட்டத்துக்குள் அதை அடைக்கப் பார்க்காமல், அடிகளின் நேரத்தைப் பதிவிலிருந்தே எடுங்கள். ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு அடிக்கும் கண்ட்ரோலும் எம்மும் அழுத்தினால் அந்த இடத்தில் குறி விழும். பிறகு குறிகளைப் பெரிதாக்கி, அலையின் எழும்பும் விளிம்புக்கு நகர்த்துங்கள், ஏனென்றால் உங்கள் கை எப்படியும் சிறிது பிந்தியிருக்கும். குறிகளை எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்தால் நேரங்கள் செக்கனில் வரிசையாக வரும். அதைத்தான் பெட்டிக்குக் கொடுக்கவேண்டும். பொறுமையான வேலை, ஒரு பாட்டுக்கு ஒரு பின்னேரம் போகும். ஆனால் எங்கள் அடிகளை எங்கள் பிள்ளைகள் இயந்திர வேகத்தில் அல்லாமல் அடிப்பவரின் கைவேகத்திலேயே பழகவேண்டும் என்றால் இதைவிடக் குறுக்குவழி கிடையாது.

“எல்லா அடியும் ஒரே அளவு பிந்துது”

இது நல்ல பிழை. மாறாத பிந்தல் ஓர் எண். அது எங்கிருந்து வருகிறது என்றால்: பிளேயருக்கு ‘ஓடு’ என்ற கட்டளை 10 பைட், 9600 வேகத்தில் அனுப்பவே 10 மில்லிசெக்கன், அட்டையிலிருந்து கோப்பைத் தேடித் திறக்க இன்னும் கூட. அதனால் கட்டளை அனுப்பிய நேரத்தைத் தொடக்கமாக எடுக்காமல், பிசி கால் தாழ்ந்த கணத்தை எடுங்கள். எம்பி3 ஆக மாற்றும்போது தொடக்கத்தில் 25 மில்லிசெக்கனளவு வெறுமை சேரும். வேவ் கோப்பில் அது இல்லை, பிளேயர் அதையும் வாசிக்கும்.

மிச்சத்துக்கு அளவுத்திருத்தம். பெட்டியில் ஒரு நிலை வையுங்கள்: 16 ‘டிக்’ சத்தம், அதோடு ஒத்து ஒரு தகட்டில் தட்டவேண்டும். வித்தியாசங்களை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுத்து, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் சேமியுங்கள். சராசரி வேண்டாம், பதற்றத்தில் தவறிய ஒரே தட்டு சராசரியை இழுத்துவிடும். புளூடூத் ஸ்பீக்கர் மட்டும் இணைக்காதீர்கள், நூற்றுக்கணக்கான மில்லிசெக்கனைச் சேர்க்கும்.

“ஒரு நேரம் சரி, ஒரு நேரம் பிந்துது”

கெட்ட பிழை இதுதான், எந்த எண்ணைக் கழித்தும் தீராது. ஓர் எல்ஈடிக்குத் தரவு அனுப்ப 30 மைக்ரோசெக்கன். 256 க்கு 7.7 மில்லிசெக்கன். அது போகும்வரை நிரல் நின்றால் அந்த நேரத்தில் பட்ட விரலை எவரும் பார்க்கவில்லை. செக்கனுக்கு 60 சட்டகம் காட்டி, சட்டகத்துக்கு ஒருமுறைதான் தகட்டைப் பார்க்கிறீர்கள் என்றால் அடி 0 இலிருந்து 17 மில்லிசெக்கன் வரை எங்கும் விழும். ‘சரி’ என்பதற்கு ±45 மில்லிசெக்கன் வைத்திருக்கும் விளையாட்டில் இது பெரிய பங்கு. ஈஎஸ்பி32 இல் இரண்டு கருக்கள் (கோர்) உண்டு. ஆடுயினோவின் வழமையான சுழல் கரு 1 இல் ஓடும். தகடு பார்ப்பதைத் தனிப் பணியாகக் கரு 0 இல் கட்டி, அடிபட்டதும் மைக்ரோசெக்கன் நேரத்தோடு வரிசையில் போடச் செய்யுங்கள். அந்தப் பணியின் சுழலுக்குள் 1 டிக் (சிப்பின் பணிமாற்று நேர அலகு) ஓய்வு கொடுக்க மறந்தால் சில செக்கனில் காவல் நேரங்காட்டி (வோச்டோக்) போட்டை மீளத் தொடக்கிவிடும். வைஃபை தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

‘பரவாயில்லை’ என்ற எல்லையையும் பாருங்கள். 167 மில்லிசெக்கனுக்கு ஒரு சொல் வரும் வேகத்தில் ±83 க்கு மேல் வைத்தால் ஒரே பாதையில் அடுத்தடுத்த சொற்களின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒரு தட்டு எந்தச் சொல்லுக்கு என்று பெட்டிக்கே தெரியாது.

ஸ்பீக்கர் இரைந்தால்: பிளேயருக்குப் போகும் தரவுக் கம்பியில் 1 கிலோஓம், அதன் மின்வாயிலில் 470 மைக்ரோபரட், கிரவுண்டு அடப்ரரிலிருந்து தனிக் கம்பியாக. ஸ்பீக்கரின் இரண்டு முனையில் எதுவும் கிரவுண்டு அல்ல. அதைக் கிரவுண்டோடு தொடுத்தால் பிளேயர் எரியும்.

“வீட்டில ஓடினது, மண்டபத்தில ஓடேல்லை”

மண்டபத்தில் மூன்று விசயம் மாறுகிறது. மின்சாரம் ஜெனரேற்றரிலோ சோலார் இன்வேட்டரிலோ வரலாம். அங்கு ஏர்த் ஒழுங்காக இருக்கும் என்று நம்பமுடியாது. அடப்ரரில் ஆட்டம் கண்டால் பவர்பாங்குக்கு மாறுங்கள். மணிக்கட்டு நாடா இருந்தால் அது தைரியமாக ஓடும். 12 வோல்ற் பற்றரியிலிருந்து எல்எம்2596 இறக்கி வழியாக எடுத்தால், வெளியீட்டில் ஒரு கொள்ளளவி சேர்த்து, இறக்கியைத் தகடுகளிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

இரண்டாவது, மேசை. இரும்பு மேசையின் மேல் பெட்டியை வைத்தால் தகடுகளின் ஓய்வு எண் விழும், தொடும்போது வரும் வித்தியாசமும் சுருங்கும். அடியில் 2 சென்ரிமீற்றர் ரெஜிஃபோம் துண்டு வையுங்கள். வைத்த பிறகு பெட்டியைத் திரும்பத் தொடக்குங்கள், அப்போதுதான் புதிய ஓய்வு எண்ணை எடுக்கும். தொடக்கும்போது எவரும் தகட்டில் கை வைத்திருக்கக்கூடாது. ‘கையை எடுங்கோ’ என்று பேனலில் மூன்று செக்கனுக்குக் காட்டுவது நல்லது.

மூன்றாவது, கைகள். தகரக் கூரையின் கீழ் பகல் பன்னிரண்டு மணிக்கு நூறு பிள்ளைகள் தொட்டால் தகட்டின் மேல் வியர்வையும் செம்மண் புழுதியும் சேர்ந்து ஒரு படலமாகும். ‘த’வும் ‘க’வும் மெல்ல ஒன்றாகும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து, ஆள் மாறும் இடைவெளியில் ஓய்வு எண்ணைப் புதுப்பியுங்கள். ஒரு தகடு பத்து செக்கனுக்கு மேல் தொட்டபடியே காட்டினால் தானாகப் புதுப்பிக்கும்படி நிரலிலும் எழுதிவிடுங்கள். பேனலுக்கு முன்னால் எண்ணெய்க் கடதாசி ஒட்டினால் பகல் வெளிச்சத்திலும் புள்ளிகள் கண்ணைக் குத்தாமல் தெரியும். ஒளியை 40 இலிருந்து 80 க்கு ஏற்ற நேர்ந்தால் தூர முனையின் வோல்ற்றை மறுபடி அளந்துவிட்டு ஏற்றுங்கள்.